எண்ணூற்றொரு டாலர்

மின்சார ஆபீசில் சீதாலக்ஷ்மியின் மேஜையைத் தாண்டாமல் யாருடைய பயணப் பில்லும் பாஸானதில்லை. காஷ்மீர் போனவர், அந்தமான் போனவர், போகாமலே போனதாக எழுதிக்கொடுத்தவர் என்று சகலரையும் பார்த்தவள். அவள் மட்டும் தான் குடியிருந்த வலியசாலையை விட்டு நகரவில்லை. மாமியாருக்கு மருந்து, மகளுக்குப் பரீட்சை என்று வருஷங்கள் ஓடிவிட்டன. ரிட்டயரான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்க்கும் கோஷ்டி ஒன்றோடு கல்லாற்றுக் காட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இப்போதெல்லாம் கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இலங்கையின் சிங்கராஜா காட்டில் ஒரு நீலப் பறவை இருக்கிறது. பவளச் சிவப்பில் அலகு. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கொழும்புக் கம்பெனி ஒன்று வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. எண்ணூறு டாலர், முழுவதும் முன்பணம். பாக்கியிருந்தது ஒரே ஓர் இடம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அதுவும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"முழுசும் முன்னாடியே குடுக்கறதா? கொள்ளாம், நன்னாயிருக்கு! பட்சி வரலேன்னா திருப்பித் தருவாளோ?" என்றார் கணவர் சாம்பசிவன்.

"பட்சிக்கு யார் ஜாமீன் நிப்பா? நான் போறேன், அவ்வளவுதான்."

ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, கிழக்கேகோட்டை பாங்குக்குப் போனாள். படிவத்தில் எண்ணூறு என்று எழுதக் கை வரவில்லை. நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் பணம் பூஜ்யத்தில் முடியலாமா? கல்யாணத்துக்கு மொய் வைத்தாலும் கோயிலுக்குக் காணிக்கை போட்டாலும் ஒன்று சேர்த்தே கொடுத்த குடும்பம் அது. எண்ணூற்றொன்று என்று எழுதிவிட்டாள். கவுண்டரிலிருந்த மலையாளப் பெண் ஜெஸி, பில்லில் எண்ணூறுதானே இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இருக்கட்டும் மோளே, நல்லதுக்காக்கும்."

வெள்ளிக்கிழமை மதியமாகியும் ரசீது வரவில்லை. முழுசும் போச்சா என்று சாம்பசிவன் முறைத்தார். அடுத்தவர் கணக்கில் அரை ரூபாய்ப் பிசகைக்கூட விடாதவள் பில்லை எடுத்து மறுபடி பார்த்தாள். கொழும்புக்கு போன் போட்டாள். எடுத்தவன் வழிகாட்டியே. யாழ்ப்பாணத்துப் பையன்.

"அம்மா, உங்கட காசு வந்து நிக்குது. ஆனா ஒரு டொலர் கூட இருக்குது. பில்லும் காசும் ஒத்துவராட்டி கொம்பியூட்டர் ஏற்காது. இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கத்தான் பாத்தம். ஏன் கூட்டி அனுப்பினனீங்கள்?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒண்ணு சேர்த்தாத்தானேப்பா மங்களம்?"

அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தான். "எங்கட வீட்டிலயும் நூற்றொண்டுதானம்மா வைக்கிறது! நில்லுங்கோ, நானே போய்ச் சொல்லுறன்."

சாயங்காலக் காப்பிக்குள் ரசீது வந்துவிட்டது. சாம்பசிவன் அதை உரக்க வாசித்தார். பிறகு, அந்தக் காட்டில் அட்டை கடிக்குமாமே என்று முணுமுணுத்துக்கொண்டு, தாமே கடைக்குப் போய், அட்டையை உதிர்க்க மூக்குப்பொடி வாங்கி வந்து அவள் பெட்டியில் வைத்தார். அவர் கோபமெல்லாம் அவ்வளவுதான்.

சிங்கராஜாவில் ஓயாத மழை. அவள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நீலப் பறவையைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. யாரும் மூச்சுவிடக் கூடாது என்று வழிகாட்டி கறாராகச் சொல்லியிருந்தான். கிளம்ப வேண்டிய காலையில், சொட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையில் நீலமாக ஏதோ அசைந்தது. சிவப்பு அலகு திரும்பியது.

"வந்துடுத்து! ஏன்னா, இங்கே பாருங்கோ, வந்துடுத்து!"

கடலுக்கு அந்தப் பக்கம் வலியசாலையில் இருந்த மனுஷரைக் கூப்பிட்டு அவள் கத்திய கத்தலில் கூட்டமே திடுக்கிட்டது. வழிகாட்டி தலையில் கைவைத்தான். பறவை மட்டும் போகவில்லை. சீதாலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.