பூக்கார ஆதிலட்சுமியின் உள்ளங்கை

இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை வளைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முல்லை முடிச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கை அடுத்த பூவுக்குப் போய்விட்டது. சரம் இப்படி நீண்டுகொண்டே இருக்கையில் ஆதிலட்சுமியின் வலது உள்ளங்கைக்குள் ஒரு இரண்டு ரூபாய்க் காசு ஒளிந்திருப்பது எதிரே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தக் கையாலேயே தண்ணீர் தெளிக்கிறாள், முழம் போடுகிறாள், வாழையிலையில் மடித்துத் தருகிறாள். காசு இருந்த இடத்தில் இருக்கிறது. வியர்வையில் வழுக்கினால் சுண்டுவிரல் மட்டும் லேசாக மடங்கும். அவ்வளவுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நடராசர் கோயிலுக்குப் போகிற சாலையில், வேப்பமரத்தடியில் அவள் கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஈரச்சாக்கு, பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூல் காலில் கட்டித் தொங்கவிட்ட க்யூஆர் அட்டை. ஒரு காலத்தில் வளையமாதேவிப் பக்கம் நாற்று நட்ட விரல்கள். இன்று நார் பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால் பூக்கட்டவே ஆண்டவன் அளந்து செய்து அனுப்பினான் என்றுதான் தோன்றும். கணவன் பழனிவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கரி கொண்டுபோகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிப் போடுவது. ஷிப்ட் முடிந்து கறுத்துப்போய் வருகிறவரைப் பார்த்து, "வெள்ளையா ஒரு பூ வாங்கிக்கினு போங்க சார்" என்று தெரியாதவள் மாதிரி கூவுவாள். அவர் சிரிக்காமல் நடப்பார். நாலு அடி தள்ளிப் போய்ச் சிரிப்பார்.

காசு வித்தை அவள் போனில் பார்த்துப் படித்தது. மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம் வியாபாரமும் சாத்திக்கொள்ளும். அப்போது யாரோ ஒரு வெள்ளைக்காரன் காசை மறைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அவன் பேசறது ஒண்ணும் புரியலீங்க. வெரலு என்னா பண்ணுதுன்னு பாத்தேன், அது போதும். பூக்கட்டறவளுக்கு வெரலுதானே பாஷை" என்பாள்.

முதலில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தாள். காதிலிருந்து காசு எடுப்பது, மூக்கிலிருந்து காசு எடுப்பது. பொங்கல் விழாவில் மேடையேற்றினார்கள். கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் ஒருவர் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொருத்தி ரவிக்கைக் கையை இழுத்துப் பார்த்தாள். "எப்படி? எப்படி?" என்று ஒரே கூச்சல்.

"கையப் பாத்தாங்க, காசப் பாத்தாங்க" என்று அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம் புலம்பினாள். "வூட்டுக்கு எடுத்துக்கினு போவ ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"வித்தைன்னா அப்படித்தான். கொரங்காட்டிகிட்ட எவனாச்சும் ஞானம் கேப்பானா?" என்றார் பழனிவேல்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சில வாரம் காசைத் தொடவே இல்லை. பிறகு ஒரு பிரதோஷத்தன்று கோயில் கூட்டத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். திரை போட்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. திரை விலகியது. தீபம் ஏறி இறங்கியது. அத்தனை கையும் தலைக்கு மேலே போயிற்று. ஆதிலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கும்பிட்ட கையோடு பக்கத்தில் நின்றவளை உலுக்கினாள்.

"சூடம் எரியறது அதிசயமாடீ? நம்ம வூட்லயும்தான் எரியுது. இங்க மட்டும் ஏன் கண்ணு கலங்குது? தெர போட்டு நிக்க வெக்கறாங்கல்ல, அதுலதான் இருக்குது சூச்சமம்! ஒருத்தராச்சும் எப்படி எரியுதுன்னு கேட்டாங்களா பாரு!"

பக்கத்தில் நின்றவள் பயந்து நகர்ந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து வித்தை மாறிவிட்டது. பூ வாங்க வருகிறவர் கையில் காசை வைத்து மூடச் சொல்வாள். உடனே ஒன்றும் காட்டமாட்டாள். "சாமிகிட்ட என்னா கேக்கப் போறீங்க? எங்கிட்ட சொல்ல வேணாம். மனசுல சொல்லிக்கங்க" என்பாள். அவர்கள் கண்ணை மூடுவார்கள். அவள் பாட்டுக்குப் பூ மடிப்பாள். அதுதான் அவள் போடுகிற திரை. கண் திறந்து கையைத் திறந்தால் காசு இருக்காது. மடித்துக் கொடுத்த இலையைப் பிரித்தால் பூவுக்கு நடுவில் இருக்கும். "நீங்க கேட்டது ஒங்களுக்கு முன்னாடியே கெளம்பிடுச்சுங்க. பின்னாலயே போங்க" என்பாள். அதற்குப் பிறகு யாரும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. ஏ ஷிப்டுக்குப் போகிற ஓர் ஆள், பேச்சே இல்லாத மனிதர், இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எதைக் கேட்டார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டாள்.

இந்தக் காசை நம்பித்தான் ஒருநாள் காயத்ரி வந்து நின்றாள். பக்கத்து பிளாக் குவார்ட்டர்ஸில் இருப்பவள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் ஒரு பிள்ளை.

"யக்கா, வளைகாப்புக்கு சடை தைக்கிற பூ நீங்கதான் கொண்டாரணும். அந்தக் காசு வித்தையும் பண்ணணும். எங்கம்மாவும் எங்க அத்தையும் வளையல் போட்டு முடியிற வரைக்குமாச்சும் சண்டை போடாம இருக்கணும்."

"எதுக்கும்மா சண்டை?"

"பொறக்காத புள்ளைக்கு மொட்டை எங்க எடுக்கறதுன்னுக்கா. எங்கம்மா அங்காளம்மனுக்கு வேண்டியிருக்காங்க. அத்தை அவங்க ஊரு சாஸ்தாவுக்கு வேண்டியிருக்காங்க. மூணு மாசமா மூஞ்சி பாத்துப் பேசறதில்ல. எல்லாத்துக்கும் நான்தான் நடுவுல. எனக்கு அழுகையா வருது. வளைகாப்பு அன்னிக்கு அழுதா புள்ளைக்கு ஆவாதுன்னு அதுக்கும் ரெண்டு பேரும் திட்டுவாங்க."

ஆதிலட்சுமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நானாச்சு!" என்றாள். ஒரு காசு, சடையில் தைத்த பூவுக்குள்ளிருந்து எடுப்பதாகத் திட்டம். நடக்கும்போதும் சமைக்கும்போதும் விரல் தானாக மடங்கி மடங்கி விரிந்தது. பழனிவேல் குழம்புக் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். "அதையும் மறைச்சிடப் போற."

வளைகாப்பன்று வீடு நிறையப் பெண்கள். சந்தன வாசம், கண்ணாடி வளையல் சத்தம், அடுக்களையில் புளியோதரை. நடுவில் மணையில் காயத்ரி. ஒரு பக்கம் அம்மா பெரியநாயகி, திருவதிகைக்காரி. மறுபக்கம் மாமியார் மாணிக்கம்மாள், திருநெல்வேலிப் பக்கம். நெய்வேலிக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை.

"காயத்ரி, ஒங்க அத்தைகிட்ட சொல்லு. அங்காளம்மன் கோச்சுக்கினா நான் பொறுப்பு இல்ல."

"காயத்ரி, ஒங்க அம்மைட்ட சொல்லு. அப்பன் வழிச் சாமிக்குத்தான் மொத முடி. பொறவுதான் மத்ததெல்லாம்."

காயத்ரியின் கீழுதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆதிலட்சுமி சட்டென்று நடுவில் புகுந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு நல்லது நெனைச்சு யாராச்சும் ஒரு காசு குடுங்கம்மா!"

ஒருவரிடமும் காசு இல்லை. பையைத் துழாவினார்கள், பர்ஸைத் திறந்தார்கள். "ஜிபே பண்ணட்டாக்கா?" என்று ஒருத்தி கேட்க வீடே சிரித்தது. ஆதிலட்சுமி தன் காசை எடுக்கப் போனாள். அதற்குள் மாணிக்கம்மாள் எழுந்து பூஜை அலமாரிக்குப் போய், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்து நடுச்சபையில் அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு இரண்டு ரூபாய். பிள்ளைக்காக வேண்டி முடிந்துவைத்த காசு. வேண்டுதல் பலித்ததும் நேரே சாமி உண்டியலுக்குப் போகவேண்டியது. நடுவில் யாரும் தொடமாட்டார்கள்.

ஆதிலட்சுமி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அம்மா, இது சாமி காசும்மா. இது வேணாம்."

"நல்லது நெனச்ச காசுதானே கேட்டே? இதைவிட நல்லது நெனச்ச காசு இந்த வீட்டுல கெடையாது. பிடி."

"எங்கிட்டயும்தான் இருக்குது!" பெரியநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சிவப்புத் துணிக்குள் இன்னொரு இரண்டு ரூபாய். "அது மட்டும் இன்னா ஒசத்தி? காயத்ரி, இதையும் குடு அவங்ககிட்ட."

இரண்டு சாமியும் ஆதிலட்சுமியின் இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் முதலில் யாருடையதைக் கொடுப்பது? அதற்கும் சண்டை வரும். கண்ணை மூடி நடராசரைக் கூப்பிட்டாள். காசைக் கண்ணில் ஒற்றும்போது கவனித்தாள்: மாணிக்கம்மாள் காசில் சிங்கத்தலை ஓரமாகத் துணியின் மஞ்சள் லேசாகப் பிடித்திருந்தது. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு.

ஒரு காசுக்குப் போட்ட திட்டத்தை அந்த இடத்திலேயே விட்டாள். பெரியநாயகியின் காசைக் காயத்ரி கைக்குள் வைத்து மூடினாள். மாணிக்கம்மாளின் காசைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஏழு வருஷமா இவளுக்கு என்னா கேட்டீங்களோ, அத இன்னொரு தரம் மனசுல கேளுங்க. யாரு சாமின்னு சொல்ல வேணாம். என்னா கேட்டீங்கன்னு மட்டும்."

வீடு அடங்கிவிட்டது. மாணிக்கம்மாளின் உதடு அசைந்தது. பெரியநாயகி கைகூப்பியிருந்தாள். அடுக்களையிலிருந்தவர்கள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்கள். ஆதிலட்சுமி அவசரப்படவில்லை. திரை விலகும் நேரம் அவளுக்குத் தெரியும்.

மெல்லத் தன் கையைத் திறந்தாள். வெறுங்கை. விரல்களை விரித்துத் திருப்பிக் காட்டினாள்.

"காயத்ரி, கைய ஆட்டும்மா."

காயத்ரி ஆட்டினாள். வளையல் குலுங்கியது. வளையலோடு இன்னொரு சத்தமும் கேட்டது. மூடிய கைக்குள் காசும் காசும் இடித்துக்கொள்ளும் சத்தம். அவள் கண் அகன்றுபோயிற்று. திறந்தாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"அம்மாடீ!" என்று யாரோ கத்த, குலவை எழும்பி வெளிச்சாலை வரை போயிற்று. ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை. பொங்கல் மேடையில் கேட்காத சத்தம் இது.

அப்போதுதான் மாணிக்கம்மாள் கேட்டாள். "சரி, இதுல எது எங்க சாஸ்தா காசு?"

குலவை பாதியில் நின்றது. காசு மாறினால் சாமி குற்றம். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆதிலட்சுமி இரண்டு காசையும் வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். காயத்ரியின் முகத்தைப் பார்த்தாள். கையை மூடிக்கொண்டாள்.

"தெரியலியேம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது."

"அடக்கடவுளே, மாத்திப் போட்டா குத்தமாயிருமே!" என்றாள் மாணிக்கம்மாள்.

பெரியநாயகி பதறிப்போய்த் திரும்பினாள். மகள் பக்கம் திரும்பவில்லை. "இப்ப இன்னா சம்பந்தி பண்றது?"

சம்பந்தி! காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தப் பண்ண? ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு வைப்போம். புள்ள பொறந்ததும் ரெண்டு பேருமா எடுத்துட்டுப் போயி ரெண்டு சந்நிதியிலயும் வச்சுக் கும்பிடுவோம். எது யாருக்குன்னு அவங்களே எடுத்துக்கிடட்டும்."

"மொட்டை?"

"பாதி அங்கயும் பாதி இங்கயுமா எடுக்க முடியும்?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பெரியநாயகி யோசித்தாள். "எங்க அம்மனுக்குப் பூமுடி போதும் சம்பந்தி. மூணு கத்தரி முடி. மொட்டை ஒங்க சாஸ்தாவுக்கே இருக்கட்டும். ஆனா தெக்க போவசொல்ல நானும் பஸ்ஸுல வருவேன்."

"பஸ்ஸா? எனக்குத் தலை சுத்தும். ரயில்லதான் போகணும்."

"ரயிலுக்கு எவ வுழுந்தடிச்சு ஓடுவா?"

"நீங்க ஓட வேணாம், நான் பிடிச்சு நிறுத்துதேன்!"

காயத்ரியை நடுவில் வைக்காமல், அவள் தலைக்கு மேலாகவே இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே மஞ்சள் துணியின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை மற்றவளும் பிடித்து விரித்தார்கள்.

"போடு ஆதிலட்சுமி."

ஆதிலட்சுமி குனிந்தாள். காசு கையை விட்டு இறங்குமுன் அவள் கட்டைவிரல் ஒன்றின்மேல், சிங்கத்தலையோரமாக, ஒருமுறை அழுந்தப் போய்வந்தது. இரண்டும் ஒரே வெள்ளையாகத் துணியில் விழுந்தன. மஞ்சள் ஒட்டிய கட்டைவிரலை அவள் காயத்ரியின் கன்னத்தில், எல்லாரும் பூசிய சந்தனத்தின்மேல் வைத்து அழுத்தித் தடவினாள்.