சுடலைமணியின் மடக்குச் சக்கரம்

சீவலப்பேரியில் டிராக்டர் பழுது பார்க்கும் சுடலைமணிக்கு ஒரு கிறுக்கு உண்டு. ரிமோட்டில் குட்டி ஜெட் விமானம் விடுவான். பொம்மை என்று அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். தெர்மாகோலில் அதன் உடம்பை வெட்டி ஒட்டுவது அவன் மனைவி இசக்கிச்செல்வி. சக்கரம் இவன் பாடு.

மேலே போனதும் நிஜ விமானம் மாதிரி சக்கரம் உள்ளே மடங்க வேண்டும், அதுதான் இவன் வெறி. முன்பு பொருத்தியவை கனம். இரண்டு விமானங்கள் இறங்கும்போதே நொறுங்கின. இந்த முறை சின்ன மோட்டார் வைத்த, கையில் எடுத்தால் எடையே தெரியாத சக்கரங்களை வரவழைத்தான். ஏதாவது தடுத்தால் மோட்டார் கருகாமல் தானே நின்றுவிடுமாம்.

"இதையும் ஒடச்சீங்கன்னா இனி நான் தெர்மாகோல்ல கை வைக்க மாட்டேன்," என்றாள் இசக்கிச்செல்வி. அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் வெட்டாவிட்டால் இவன் பறக்க விட ஒன்றுமில்லை.

பறக்க விட்டுப் பார்க்க அவர்கள் இருவரும், கூட்டாளி நானுமாக வற்றிய குளத்துக்குள் போனோம். புது டிராக்டருக்குச் செய்வது போலவே வலது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். கனமில்லாத விமானம், பழம் நசுங்கவில்லை. விடுவானா? இறக்கையைப் பிடித்து அமுக்கினான். சாறு தெறித்தது.

விமானம் கிளம்பியது. மூன்று சக்கரமும் அழகாக உள்ளே போயின. இசக்கிச்செல்விகூடக் கைதட்டினாள்.

இறக்கும் நேரம் சுவிட்சைத் தட்டினான். இரண்டு வந்தன. வலது சக்கரம் வரவில்லை. மடக்கி மறுபடி தட்டினான். ஊஹும். பேட்டரி தீரப்போகிறதென்று ரிமோட் கத்த ஆரம்பித்தது.

"குலுக்கிப் பாருலே," என்றேன். சட்டென்று ஏற்றி இறக்கினான். அசையவில்லை. இப்படியே தரை தொட்டால் புரண்டு சுக்குநூறாகிவிடும்.

"மூணையும் உள்ள மடக்குங்க," என்றாள் இசக்கிச்செல்வி. "கரைக்கு அங்கிட்டு வயல்ல வைக்கோல் கெடக்கு. வயித்தால எறக்குங்க."

"சக்கரம் இல்லாமலா?" என்றான் அவன். அத்தனை நாள் பாடும் அந்தச் சக்கரத்துக்குத்தானே.

"பைய எறக்குங்க."

மடக்கினான். கரையைத் தாண்டும்போதே பேட்டரி கைவிட்டது. சத்தமில்லாமல் தாழ்ந்து, வைக்கோலில் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. ஓடினோம்.

ஒரு கீறல் இல்லை. இசக்கிச்செல்வி சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, வலது சக்கரத்தின் இடுக்கைக் கிண்டினாள். எலுமிச்சை விதை ஒன்று வந்து விழுந்தது.

"இனி எலுமிச்சம்பழத்த ஒங்க தலையில தேச்சுக் குளிங்க," என்றாள்.

அவள் விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததுக்கு இந்த எடத்தக் கொஞ்சம் தடிமனா வெட்டணும்."