சூப்பர் சொன்ன அக்கா

சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் வைத்துவிட்டு அதற்குக் 'கேம்ப்' என்று பெயர் சூட்டுகிறவர்களை என்ன செய்தால் தகும்? மலைப் பிள்ளைகளையெல்லாம் விஞ்ஞானி ஆக்கிவிடுவது என்று சென்னையில் ஏசி போட்டுக்கொண்டு முடிவெடுத்த ஒரு கூட்டம், நெல்லிவாசல்நாட்டில் நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியையும் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் அறிவியல் முகாம். சந்தவாசலில் இருக்கும் என் வீட்டுக்கு நான் இறங்கிப் போகிற நாள் அது.

பாடத்துக்கு முன்னால் பேனர் வந்தது. பின்னாலேயே டீ-ஷர்ட். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அதை மாட்டிவிட்டு, பேனரைப் பிடிக்க வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் வகுப்புக்கு லிங்க் வரும். பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு போதவில்லை என்று ஒருமுறை மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். லிங்க் வந்து என்ன, வகுப்பறையில் சிக்னல் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினால் உண்டு. 'எங்கிருந்தும் கற்கலாம்' என்று அச்சடித்த பேனரைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறினோம். லேப்டாப்புக்கு வெயில் படாமல் நான் குடை பிடித்தேன். ஆசிரியர் பயிற்சி படித்தது அதற்காவது உதவியது.

திரையில் ஓர் அக்கா வருவாள். கேள்வி கேட்பாள், கொஞ்சம் பொறுப்பாள், "சூப்பர், சரியான பதில்" என்பாள். யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் தன்னிடம் கேட்கலாம் என்றும் சொன்னாள். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை அப்படியே நம்பிவிட்டாள். பாறை மேல் வரும் சிக்னல் கீழே வகுப்பில் ஏன் வருவதில்லை என்பது அவளுடைய கேள்வி. நான் சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிடுவாள். அந்த அக்காவிடம்தான் கேட்பாளாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வாராவாரம் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, செடி வளர என்ன வேண்டும் என்று அக்கா கேட்டாள். தண்ணீர், வெயில் என்று எல்லாரும் கத்த, இவள் "செருப்பு" என்றாள். சூப்பர் வந்தது. அடுத்த கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களை மிரட்டி வைத்தாள். பாறை மேல் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அக்கா கொஞ்சம் பொறுத்தாள். "சூப்பர், சரியான பதில்" என்றாள்.

"இது வீடியோ, டீச்சர். இன்னா சொன்னாலும் சூப்பர்னுது, சொல்லாங்காட்டியும் சூப்பர்னுது."

அந்த முகாமில் உருப்படியாக நடந்த ஒரே பரிசோதனை அது. நேரலை என்று சொல்லி, எப்போதோ பிடித்து வைத்த படத்தை ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாறையிலிருந்தே முகாம் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். எத்தனை பள்ளிகளுக்குத்தான் நேரில் வர முடியும் மேடம் என்று குழைந்தார். நிறைவு விழா மட்டும் நிஜமான நேரலை, அமைப்பின் தலைவரே வருகிறார், உங்கள் பிள்ளை அவரிடம் கேட்கலாம் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவளிடம் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு நானும் நம்ப ஆரம்பித்தேன்.

விழா நாளில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். கோட்டுப் போட்ட தலைவர் திரையில் எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி, பேசம்மா என்றார். பார்த்துப் பேசியதால் அவர் வீடியோ இல்லை என்பது உறுதியாயிற்று. அவள் எழுந்து நின்றாள்.

"சார், பாறை மேல வர்ற சிக்னலு எங்க கிளாஸ்ல மட்டும் இன்னாத்துக்கு சார் வர்ல?"

சிக்னல் அன்றைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டிருக்கும்.

"சூப்பர். எல்லாரும் ஒருமுறை கைதட்டுங்க" என்றார் தலைவர். தட்டினார்கள். அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்கள்.

அவள் உட்கார்ந்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள்.

"இவரும் வீடியோதான் டீச்சர்" என்றாள்.