நைனாவின் கடைசி பிளேடு

2000 பிப்ரவரி 6, ஞாயிறு. ஆந்திரத்து நகரி ஊரில் எங்கள் வீட்டு விசைத்தறிகள் இரண்டும் காலை ஏழு மணிக்கு நின்றன, கரண்ட் இல்லை. வழக்கம்போல் நைனா தறிக்கு எண்ணெய் விட்டார். அம்மா நூலில் சிக்கெடுத்தாள். பதினொரு வயதான நான் கழிவு நூலைப் பெருக்கினேன். இன்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது பிளஸ் டூ படித்த அக்காவுக்கு மட்டும் அன்று தறி வேலையிலிருந்து விடுமுறை. மறுநாள் திருப்பதியில் அறிவியல் கண்காட்சி. அதில் பரிசு வாங்கினால்தான் மேற்படிப்பு என்று நைனா சொல்லியிருந்தார்.

அக்கா ஒரு சவர பிளேடை இரண்டாக உடைத்து, நடுவே மயிரிழை இடுக்கு விட்டு அட்டையில் ஒட்டியிருந்தாள். சாவிக்கொத்து லேசரை அதன் வழியே அடித்தால், சுவரில் சிவப்பு வெளிச்சம் இடமும் வலமும் பட்டை பட்டையாகப் பரவியது. எனக்கு அது பழுதாகப்பட்டது. தறியில் நூல்களைப் பிரிக்கும் கம்பிச் சீப்பில் இடுக்கு நெருங்கினால் நூல் பிசிறும். நைனா ஊசியால் கம்பியை நெம்பிவிடுவார். அக்கா குளிக்கப் போனதும் நானும் அப்படியே நெம்பினேன். பட்டைகள் மறைந்து, சுவரில் ஒற்றைப் புள்ளி அழகாக நின்றது.

அக்கா திரும்பி வந்து அந்தப் புள்ளியையே பார்த்தாள்.

"யார்டி இத தொட்டது?"

"நான்தான்க்கா. சந்து டைட்டா இருந்துச்சி, அதான் வெளிச்சம் பிசிறிக்கினு போச்சி."

அடி விழும் என்று ஒதுங்கினேன். அவளோ, "இன்னொரு தபா சொல்லு," என்றாள். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அங்க வர்றவங்களும் இப்டித்தான் நெனப்பாங்க. இது நூலு இல்லடி, அலை. சந்து அகலமா இருந்தா, பக்கவாட்டுல போற அலைங்க ஒண்ணையொண்ணு அழிச்சிக்கும். நேரா போறதுதான் மிஞ்சும். சந்த நெருக்கினா அழிக்க ஆளில்ல, விரிஞ்சிடும். அகலமா ஒண்ணு, நெருக்கமா ஒண்ணுன்னு ரெண்டு அட்டை வச்சி காட்டுறேன்."

இரண்டாவது அட்டைக்கு வீட்டில் இருந்தது ஒரே பிளேடு.

"நாளிக்கி நானும் கூட வரணுமே, மூஞ்சிய எதுல சரைக்கிறது?" என்றார் நைனா.

"திருப்பதிக்குத்தான நைனா போறோம், அங்க சரைக்க ஆளா இல்ல?"

அம்மா சிரித்ததில் கையிலிருந்த நூல் அறுந்தது. பிளேடு அக்காவுக்கு வந்தது. அதை உடைத்து, இடுக்கு சரியாக அமையும்வரை மூன்று முறை பிரித்து ஒட்டினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக நைனா கண்ணாடி முன் நின்று தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு அட்டைகளையும் தன் புதுத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தார்.