பாறைக்கும் வரப்புக்கும் நடுவில்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது நான்கு பேரை. மூன்று பேர் நான் பெற்றவர்கள். நான்காவது என் கொழுந்தன். நான் வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்கு ஆறு வயது, தாய் இல்லை. அவனோடுதான் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தேன்.

காரணம் ஒரு வரப்பு. தொண்டூர் போகிற வழியில் அவன் நிலமும் என் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவனுடைய தென்னை மட்டை என் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடி மேலேயே, விழ ஆரம்பித்தது. முன்னே அப்படி விழுந்ததே இல்லை. வரப்பை என் பக்கம் தள்ளிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவன் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இந்தத் தை மாதம் சர்வேயரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். ஆதாரம் வேண்டுமே. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலன்றும் என் கொல்லையில் இருக்கும் பாறையோரம் மாடுகளை நிறுத்திப் படம் எடுப்போம். பேத்தி அத்தனையையும் கம்ப்யூட்டரில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள்.

“பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு எடுடி. அவன் வண்டவாளம் தெரியட்டும்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றதும் கூடவே பெரிதாகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“ஆயா, பாறை நகராது இல்ல?”

“பாறை எங்கடி நகரும்?”

“அப்ப வரப்புதான் நகந்துருக்குது. ஆனா அவங்க பக்கம்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு முந்தின படத்தில் பாறைக்கும் வரப்புக்கும் நடுவில் ஒரு பசு நெருக்கிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் எடுத்ததில் பசு, கன்று, கூட நான், எல்லோரும் தாராளமாக நிற்கிறோம்.

“நீ கிட்டக்க நின்னு எடுத்துருப்ப” என்றேன்.

“அப்ப பாறையும் பெருசால்ல வந்துருக்கணும்? ரெண்டும் ஒரே சைஸு, பாரு.” படத்தை இழுத்துத் தென்னையைக் காட்டினாள். பழையதில் மரத்துக்கும் வரப்புக்கும் நடுவில் மாட்டு வண்டி நிற்கிறது. புதியதில் வரப்பு மரத்தின் அடியிலேயே இருக்கிறது.

“மரம் நடந்து வந்துச்சா ஆயா? வரப்பு செதுக்கறது யாரு?”

நான்தான். ஒவ்வொரு விதைப்புக்கும் முன்னால் என் பக்கத்துப் புல்லை மண்ணோடு செதுக்கி, அவன் பக்கம் அணைத்துப் போடுவேன். கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. ஆள் விட்டுச் செய்தால் பிடிக்காது. அவனுடைய மண்ணுக்கு ஆசைப்பட்டு நான் செய்யவில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

“சர்வேயரு வேணுமா, வேணாவா?”

“வாய மூடுடி.”

மறுநாள் இரண்டு தடவை அவன் வீட்டு வாசல் வரை போனேன். வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன். பேசத்தான் வராது, எழுத்துக் கூட்டி எழுத வருமே என்று நான்கு நாளாக இதை எழுதுகிறேன். இன்று பேத்தியை அனுப்பி அவனை வரவழைத்தேன். இந்தக் கடைசி வரிகளை எழுதும்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

“இன்னா அண்ணி, கூப்ட்டு உக்கார வெச்சிட்டு நீ பரிச்ச எழுதுற?” என்கிறான்.

முடித்துவிட்டேன்.

“இந்தாடி, படிச்சிக் காட்டு. நான்தான் செதுக்கினேன்னு வர எடத்துல முழுங்காத. நல்லா சத்தமா படி.”