ஊதா இலைக்கு டாப்பிங்

எனக்குச் சும்மா இருக்க வராது. நல்லூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்ட்டி கொடுத்த ஷேடுக்கும் எங்கள் துணிக்கும் இம்மி வித்தியாசம் தெரிந்தாலும் கொஞ்சம் கலர் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு டாப்பிங் என்று பெயர். குறைந்தால் போடு, இன்னும் குறைந்தால் இன்னும் போடு. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரை எங்கள் லேபில் யாரும் மதிப்பதில்லை.

என் கணவர் நிட்டிங் மிஷினில் இருந்தார். பஞ்சுத் தூசி அவர் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது மாடிப்படியில் பாதியிலேயே இருமிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வேலையை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்போதுதான் கணியூரில் இருந்த தோட்டத்தை என் அப்பா அவருக்குக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஒரு வெள்ளாமை பாப்போம் கண்ணு. மாப்பிள்ளைக்குத் தோதுப்படலீன்னா குத்தகைக்கு உட்டுப்போடறேன்."

குத்தகைக்குப் போனால் இவர் திரும்பவும் பஞ்சுக்குள்தான் போயாக வேண்டும். வேறு தொழில் தெரியாது. அதனால் அவர் விதைத்த மக்காச்சோளத்தின் மேல்தான் என் உயிரே இருந்தது.

அவர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நான் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தேன். மார்கழியில் ஒரு ஞாயிறு, முழங்கால் உயரம்கூட வராத பயிரில் அடி இலைகளின் ஓரமெல்லாம் ஊதாவாக மாறியிருந்தது.

"குளுருக்கு அப்படித்தான் இருக்கும் அம்மிணி. வேரு மெதுவாத்தான் சத்தெடுக்கும். வெயிலேறுனாச் செரியாப் போயிரும்," என்றார். விதைப்பதற்கு முன்பே மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய சீட்டையும் எடுத்துக் காட்டினார். மணிச்சத்து அதிகம் என்று போட்டிருந்தது.

மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ். எனக்கே பாஸ்பரஸ் பாடம் எடுக்கிறாரே இந்த மனுஷன் என்று எரிச்சலாக வந்தது. லேபில் தினமும் அதன் உப்பை அளந்து போடுகிறவள் நான். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை அந்தப் பாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். மண்ணிலோ கதை தலைகீழ். அங்கே சுண்ணாம்புதான் பாஸ்பேட்டைப் பிடித்து முடக்கிவிடும், வேருக்கு விடாது. வேர் ஓடுவதற்கும், பயிர் தெம்பாக நிற்பதற்கும், கதிரில் மணி பிடிப்பதற்கும் அது வேண்டும்.

"சீட்டுல இருந்து என்னங்க பிரயோஜனம்? எலையில இல்லீங்களே," என்றேன்.

ஊதா இலை ஒன்றையும் நல்ல இலை ஒன்றையும் பறித்து டிபன் பாக்ஸில் வைத்து எடுத்து வந்தேன். திங்கட்கிழமை இரண்டையும் ஷேடு ஒப்பிடும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லேபில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷேடு நன்றாகவே தள்ளியிருந்தது. உடனே போன் செய்து, பாஸ்பரஸ் உரமான டிஏபி போடச் சொன்னேன். போட்டார்.

அதன்பிறகு தினமும் போட்டோ அனுப்பச் சொல்லி அவரைப் படுத்தியெடுத்தேன். பத்து மணி வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், நிழல் விழக் கூடாது. வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அடுத்த ஞாயிறும் ஊதா போகவில்லை. நானே குனிந்து குனிந்து செடிக்குச் செடி இன்னொரு பிடி வைத்தேன். அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துப்பட்டாப் பத்திக்கும்னு வெள்ளைப் பாஸ்பரஸைத் தண்ணிக்குள்ளதான் வெச்சிருப்பாங்கன்னு சொன்னியல்லோ, உன்னையும் அப்படித்தான் வெக்கோணும்," என்றார். நான் முறைத்தேன். அதற்கடுத்த வாரம் சூப்பர் பாஸ்பேட்டும் போட வைத்தேன்.

தை பிறந்து வெயில் ஏறியது. ஊதா இருந்த இடம் தெரியவில்லை. "பாத்தீங்களா," என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. பத்தே நாளில் குருத்து வெளுத்து, புது இலைகளில் பட்டை பட்டையாக வெள்ளை விழுந்தது. முதல் வாரமே படித்திருக்க வேண்டியதை அப்போதுதான் படித்தேன். பாஸ்பரஸ் மிஞ்சிப்போனால் பயிரால் துத்தநாகத்தை எடுத்துக்கொள்ள முடியாது. ஊதாவைப் போக்கியது வெயில், வெள்ளையைக் கொண்டுவந்தது நான். துணியில் கலர் கூடிவிட்டால் சாயத்தை உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மண்ணை என்ன செய்வது?

"தெரிஞ்சுமா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ நிம்மதியா பஸ்ஸேறோணுமல்லோ."

துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளித்தோம். பாதி தேறியது. மீதி கூழையாக நின்றுவிட்டது.

கதிர் வரும் நேரத்தில் அப்பா தோட்டம் பார்க்க வந்தார். வரப்போடு ஒரு சுற்று நடந்துவிட்டு, "ஆரு இத்தன உரம் போட்டது?" என்றார்.

"நாந்தானுங்க மாமா," என்றார் என் கணவர்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. "பொய்யுங்கப்பா. நாந்தான் போடச் சொன்னேன். வேண்டாம்னுதான் சொன்னாரு," என்றேன். தோட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். மாடிப்படியில் அவர் உட்கார்ந்திருக்கும் கோலம் கண்முன் வந்து நின்றது.

அப்பா குனிந்து ஒரு கூழைச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மாப்பிள்ளையோட வெள்ளாமைய நான் இன்னும் பாக்கவே இல்லியே. அடுத்ததும் அவரே வெக்கட்டும். நீ மட்டும் அதோட அறுப்பு வரைக்கும் இந்தப் பக்கம் வராத சாமி."

இப்போது அந்த அடுத்த பயிர்தான் தோட்டத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நல்லூரில் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு போன்தான் என்று எனக்கு நானே வைத்த கட்டுப்பாடு மத்தியானத்துக்குள் உடைந்துவிடுகிறது.

"எலை எப்படி இருக்குதுங்க?" என்று நேற்றும் கேட்டேன்.

"பச்சையா இருக்குது."

"எந்தப் பச்சைங்க?"

அவர் சிரித்தார். வாய்விட்டு, வெகுநேரம் சிரித்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். சிரித்து முடிக்கும்வரை ஒருமுறைகூட இருமல் வரவில்லை.