மாமா கண்டெடுத்த மண்புழு

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருந்தது. அதில் ஒரு பாத்தி எங்கள் வீட்டுக்கு. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா அந்தப் பாத்தியை நல்லெண்ணத்தோடு கொன்றார்.

மாமா, அம்மாவின் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து கிளம்பி, லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்குப் பூவும் எனக்கு ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு வருவார். அவர் வந்தால் வீட்டில் சத்தம் கூடிவிடும். சீட்டாட்டத்தில் அப்பாவை ஏமாற்றுவார். கையும் களவுமாகப் பிடிபட்டால் அப்பாவைவிட அதிகமாகச் சிரிப்பார்.

அப்பா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பாத்தியில் கத்தரி நட்டுவிட்டுத் தினமும் அதன் முன்னால் குனிந்து நிற்பார். மாமாவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"என்ன மச்சான், செடியக் கும்பிட்டுக்கிட்டா இருக்கீங்க? வெவசாயி நான் வந்துட்டேன்ல, தள்ளுங்க."

"ஓகே லா, நீயே பாத்துக்க" என்று அப்பா மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்.

மாமா முதலில் பாத்தியில் கிடந்த சருகு, புல் எல்லாவற்றையும் வழித்தெடுத்தார். தரை எங்கள் வீட்டுக் கூடத்தைப் போலச் சுத்தமானது. அப்புறம் உரம். ஒரு கைப்பிடி போதும் என்று பையில் எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் சீனி இல்லாம காப்பி குடிக்கிறவங்களுக்கு, பாப்பா" என்று சொல்லி அள்ளி அள்ளிப் போட்டார்.

செடிகள் கரும்பச்சையாகத் திமிறி வளர்ந்தன. பக்கத்துப் பாத்தியின் சீன ஆன்ட்டிகூட வந்து இலையைத் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மழை நின்றுபோனது. வாரக்கணக்கில் ஒரு சொட்டு இல்லை. புல்தரையெல்லாம் பழுப்பேறியது. கத்தரி இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. மாமா பயந்துபோய் இன்னும் கொஞ்சம் உரம் போட்டார். செடிகள் சாய்ந்தன, மண்மேல் வெள்ளையாக உர உப்புப் பூத்தது.

அம்மா கீழே வந்து பார்த்தார். "ஊருல கொல்லைய உப்பாக்குனது பத்தலையாடா? இங்கயும் வந்து ஆரம்பிச்சிட்டியா?"

மாமா மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு விடுதிக்குக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அம்மா சொன்னதன் முழுக்கதை வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஊரில் தொடர்ந்து மழை பொய்த்திருக்கிறது. ஆளாளுக்குப் போட்டி போட்டு ஆழ்துளைக் கிணறு இறக்கியதில் கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மேலே வந்திருக்கிறது. விளைச்சல் குறையக் குறைய உரத்தைக் கூட்டினார்கள். தழையையும் நெல் தாளையும் கொளுத்தினார்கள். மாமா அதில் யாருக்கும் சளைத்தவரில்லை. மண் பாறையாகிப் போனதும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். மாமா விமானம் ஏறினார். தாத்தா மட்டும் கொல்லை நிலத்தை விற்க ஆள் தேடிக்கொண்டு ஊரிலேயே இருந்தார்.

அம்மாவுக்குக் கோபம் சீக்கிரமே போய்விட்டது, வெட்கம்தான் போகவில்லை. தோட்டங்களைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பாத்தியின் வெள்ளை உப்பு கண்ணில் படாமலிருக்க, நானும் அம்மாவும் மரத்தடிச் சருகுகளை வாரி வந்து பாத்தியை மூடினோம். தேங்காய் நார், காய்கறித் தோல், கிடைத்ததெல்லாம் அதன்மேல் போயிற்று. வந்தவர்கள் எங்கள் குப்பைமேட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்துவிட்டார்கள். பிறகு மழை வந்தது. மாமாவும் வந்தார், "சாப்பாடு ஆறுது, வந்து தொலைடா" என்று அம்மா போனில் திட்டிக் கூப்பிட்ட பிறகு. பாத்தியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அந்தக் குப்பையை அள்ளிவிடலாம் என்று மாமா என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். மேல் சருகை விலக்கினார். கீழே மண் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. விரலால் கிளறியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்தது.

"பாப்பா! எத்தன வருசமாச்சு இதப் பாத்து!"

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கையைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடினார். அவர் கழற்றிவிட்ட செருப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மாவின் மூக்குக்கு நேராகக் கையைத் திறந்தார். அம்மா போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அம்மா கரண்டியால் மாமாவின் முதுகில் அடித்தார்; அடித்துக்கொண்டே சிரித்தார். அப்பா சோபாவிலிருந்து உருண்டு விழாத குறை.

மாமா உடனே ஊரிலிருந்த தாத்தாவுக்கு வீடியோ காலில் போன் போட்டார். தாத்தா வழக்கம்போல் போனைக் காதில் வைத்துக்கொண்டதால் திரையில் அவருடைய காது மட்டும் தெரிந்தது. அந்தக் காதுக்கு மாமா புழுவைக் காட்டினார்.

"அப்பா, கொல்லைய வித்துடாதீங்கப்பா. சருகு, தழை எதையும் கொளுத்த வேணாம், அப்புடியே கெடக்கட்டும். நான் ஊருக்கே திரும்பி வந்துடுறேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் சிரிப்பை நிறுத்திவிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. நான் புழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு அவர் வரும்போது நல்ல பெயராகச் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.